களிம்புப் பள்ளத்தில் இழைச்சி

அந்தக் காலத்தில் காளான் ஒளிந்து வாழவில்லை. மண்ணுக்கு மேலே, எல்லாரும் பார்க்கிற இடத்தில், வருஷம் முழுக்கக் குடியிருந்தது. செடி பேசும், ஆடு பேசும், கட்டையில் ஊர்கிற கரையான்கூடப் பேசும். மனுஷனும் அதைக் காதில் வாங்கிப் பதில் சொல்வான். பேசிப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. எல்லாரும் பேசினார்கள், அவ்வளவுதான்.

உலையூருக்கு மேற்கே ஒரு பள்ளம். பள்ளத்தின் கரையில் செத்து விழுந்த உடைமரக் கட்டை ஒன்று கிடந்தது. அதில் அக்காள் தங்கை இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் காளான் இனம்தான். ஆனால் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

தங்கை பேர் குடைச்சி. பாலைக் காய்ச்சி ஆறவைத்தது போல வெள்ளைக் குடை, கீழே மடிப்பு மடிப்பாகப் பாவாடை. தன்னைத்தானே பார்த்துக்கொள்ள ஒரு மழைத்தண்ணீர்க் குட்டை கிடைத்தால் போதும், பொழுது போய்விடும். அக்காள் பேர் இழைச்சி. அவளுக்குக் குடையும் கிடையாது, தண்டும் கிடையாது. வெறும் நூல். சிலந்தி வலையைக் கசக்கிக் கட்டைக்குள் திணித்தால் எப்படி இருக்கும், அப்படி இருப்பாள். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கட்டையைக் கரைத்துச் சாறாக்கித் தங்கைக்கு ஊட்டுகிறவள் அவள்தான். குடைச்சிக்குச் சாப்பிடத் தெரியும், சம்பாதிக்கத் தெரியாது.

அந்தப் பக்கம் மேய வருகிற வெள்ளாடு தினமும் வம்புக்கு நிற்கும்.

"என்னட்டி குடைச்சி, குடையை வெயிலுக்குப் பிடிக்கியா, மழைக்குப் பிடிக்கியா?"

"உன் எச்சிலுக்குப் பயந்து பிடிக்கேன், போ."

கட்டைக்குள்ளிருந்து இழைச்சி சத்தம் போடுவாள். "ஏட்டி, அவன்கிட்ட வாய் கொடுக்காத. அவனுக்கு வாயைத் தவிர வேற ஒண்ணும் கிடையாது."

ஆடு சிரித்துக்கொண்டே போய்விடும். அதெல்லாம் நல்ல நாட்கள். கொஞ்ச நாட்கள்தான்.

உலையூர்க்காரர்கள் செம்பு உருக்குகிறவர்கள். மலையிலிருந்து பச்சைக் கல்லைக் கொண்டுவந்து உடைத்து, உலையில் போட்டு, துருத்தியால் ஊதி ஊதிச் செம்பை இறக்குவார்கள். செம்பு ஓடி வந்த பிறகு கறுப்பாக ஒரு கசடு நிற்கும். கிட்டம் என்பார்கள். அதையும் சும்மா விடமாட்டார்கள். இடித்துப் பொடியாக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஒட்டியிருக்கிற செம்பு மணியைப் பொறுக்குவார்கள். அப்புறம் அந்தக் கழுவுநீரையும் கிட்டப் பொடியையும் மேற்கே பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். கிழக்கே கொட்டினால் அடுத்த உலையில் செம்பு இறங்காது என்று ஒரு நம்பிக்கை. யார் சொன்னது என்று கேட்டால் ஒருவனுக்கும் தெரியாது. ஆனாலும் மேற்கேதான் கொட்டினார்கள்.

விளக்காத செம்புப் பானையில் பச்சையாகப் பூக்குமே, களிம்பு, அந்தச் சனியன்தான் பள்ளம் முழுக்க ஊறியது. முதலில் தும்பை போயிற்று. அப்புறம் அறுகு. அறுகே செத்தால் அந்த மண்ணைப் பற்றி வேறு என்ன சொல்ல வேண்டும்? மண்புழு மேலே வந்து சுருண்டு கிடந்தது. பள்ளத்துக்குக் கண்பட்டுவிட்டது என்றார்கள் ஊர்க்காரர்கள். கண்ணெல்லாம் படவில்லை. இவர்கள் கொட்டியதுதான் பட்டது.

மலையில் பச்சைக் கல் தீர்ந்துபோனது. உலை அணைந்தது. உலைத் தலைவன் மாசானம் துருத்தியைச் சுருட்டிப் பரணில் போட்டான். இனிமேல் கஞ்சிக்கு வழி, பள்ளத்துக்குக் கீழே அவன் பெண்டாட்டி வெயிலாச்சி பார்த்துக்கொண்டிருந்த வயல் மட்டும்தான். அந்த வயலும் சரியில்லை. மழை பெய்தால் பள்ளத்துத் தண்ணீர் வரப்பை ஏறி உள்ளே வரும். வந்தால் பயிர் மஞ்சளாகும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலாச்சி வரப்பில் நின்று பார்ப்பாள்.

பள்ளத்துக் கரையில் ஒரே ஒரு செடி மட்டும் தப்பித்து நின்றது. கொழுஞ்சி. வயலுக்குத் தழை உரமாகப் போடுவார்களே, அதே கொழுஞ்சிதான். காய் முற்றினால் வெடித்து விதை பள்ளத்துக்குள் தெறிக்கும். விதை முளைக்கும். இரண்டு இலை விடும். வேர் நுனி கீழே போய்க் களிம்பைத் தொட்டதும் கருகும். பிள்ளை படுத்துவிடும். ஒவ்வொரு மழைக்கும் இதேதான். கொழுஞ்சி அழுது முடித்துவிட்டு இப்போது திட்டுகிற கட்டத்துக்கு வந்திருந்தாள். உலையைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், கடைசியில் கட்டைப் பக்கம் திரும்பினாள்.

"ஏ இழைச்சி! செத்த கட்டையைத் தின்னுக்கிட்டு எத்தனை காலம் கெடப்ப? எரும மாதிரி இருக்க, ஒரு உதவி உண்டா?"

"நான் எரும மாதிரியா? நூல் மாதிரில்லா இருக்கேன்" என்றாள் இழைச்சி. "என்ன வேணும், சொல்லு."

"அந்த நூலைக் கொஞ்சம் பள்ளத்து மண்ணுல விட்டுப் பாரேன்."

இழைச்சி ஒரு நூலை விட்டுப் பார்த்தாள். சுர்ரென்று எரிந்தது. இழுத்துவிடலாம் என்று நினைத்தாள், இழுக்கவில்லை. மறுநாள் பார்த்தால் அந்த நூல் மயில் கழுத்து நிறத்தில் இருந்தது. சாகவில்லை.

"எரியத்தான் செய்யுது" என்றாள். "ஆனா என் தோல்ல ஒட்டிக்கிடுது. உள்ள இழுத்துப் போட்டுட்டா வெளிய போகமாட்டேங்கு."

கொழுஞ்சி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்போ என் பிள்ளைக வேருக்குள்ள வந்து இருந்துக்கோ. களிம்பை நீ வாங்கி வச்சுக்கோ. நீ எட்டுற தூரத்துக்கு என் வேர் எட்டாது. தண்ணியும் நீயே எடுத்துக் கொடு. இலையில வெயிலைக் காச்சி நாங்க இனிப்பு வச்சிருக்கோம்லா, அதுல உனக்குப் பங்கு. சாகுற வரைக்கும்."

"யாரு சாகுற வரைக்கும்?"

குடைச்சி குறுக்கே விழுந்தாள். "யக்கா, உனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? நமக்குக் கட்டை இருக்கு. யாரு பிள்ளையும் எப்படியும் போகட்டும்."

"கட்டையை நல்லாப் பாருட்டி."

குடைச்சி பார்த்தாள். இத்தனை நாள் உட்கார்ந்திருந்த கட்டையை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தாள். உள்ளே பொக்கையாக இருந்தது. தட்டினால் தூள் கொட்டியது.

"இது ரெண்டு பேருக்குக் காணாது" என்றாள் இழைச்சி.

"புதுக் கட்டை விழும்."

"விழுறதுக்கு மரம் எங்க நிக்கு?"

சுற்றிலும் மரமே இல்லை. எல்லாவற்றையும் வெட்டி உலைக்குக் கரியாக்கிவிட்டார்கள்.

இழைச்சி தன் நூலில் கொஞ்சத்தை அறுத்துத் தங்கையின் காலில் கட்டிவிட்டாள். மிச்சக் கட்டையிலிருந்து சாறு உறிஞ்சிக்கொள்ள அது போதும். அப்புறம் கட்டையிலிருந்து கழன்று இறங்கினாள். இறங்குவதற்கு முன்னால் கொழுஞ்சி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னாள்.

"ஒண்ணு கேட்டுக்கோ. வேருக்குள்ள போயிட்டா வேரும் நீயும் ஒண்ணு. வேர் அறுந்தா நீயும் அறுந்துருவ. வாங்கி வச்சதெல்லாம் கொட்டிரும்."

குடைச்சியும் இதைக் கேட்டாள். நன்றாகத்தான் கேட்டாள்.

அடுத்த மழைக்குப் பிள்ளைகள் முளைத்தன. இரண்டு இலை விட்டன. வேர் நுனி கீழே போனது. களிம்பைத் தொடுவதற்கு முன்னால் இழைச்சி போய்ச் சுற்றிக்கொண்டாள், நுனியைத் துளைத்து உள்ளேயும் போய்விட்டாள். மூன்றாவது இலை வந்தது. கரையில் நின்ற கொழுஞ்சி அன்று யாரையும் திட்டவில்லை.

பள்ளம் பச்சையாயிற்று. ஊதாப் பூவாகப் பூத்தது. வயலுக்குப் போன மழைத்தண்ணீர் தெளிந்து போனது. மஞ்சளாய் நின்ற பயிர் கொஞ்சம் நிமிர்ந்தது. எறும்பு வந்தது. ஆடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ, இங்கன என்ன கல்யாணமா?" என்று கேட்டது.

எல்லாருக்கும் நல்லதாகத்தான் இருந்தது. குடைச்சிக்கு மட்டும் பொழுது போகவில்லை. தண்ணீர்க் குட்டையில் முகம் பார்ப்பாள், யாரிடம் காட்ட? தினமும் கரையில் குனிந்து மண்ணோடு பேசுவாள்.

"யக்கா, இனிப்பு எப்படி இருக்கு?"

"வெயிலை நக்குன மாதிரி இருக்கு." மண்ணுக்குள்ளிருந்து குரல் வரும். "உனக்குத் தந்தா பிடிக்கும்."

"களிம்பு?"

"அது கெடக்கு. கனக்கு, வேற ஒண்ணுமில்ல."

நாள் போகப் போகக் குரல் மெதுவாயிற்று. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு எறும்பு ஊர்ந்து போய்விட்டு வரலாம். வெளியே வந்துவிடு என்று குடைச்சி கெஞ்சினாள். முடியாது என்றாள் அக்காள். வலிக்கிறதா என்று கேட்டாள். கனக்கிறது என்றாள். களிம்பு உள்ளே ஏற ஏறப் பேச்சு வெளியே வரவில்லை. இடம் போதவில்லையோ என்னவோ.

ஒரு நாள் காலையிலிருந்து கூப்பிட்டாள். வெயில் உச்சிக்கு வந்தது. இறங்கவும் தொடங்கியது. கடைசியில்தான் மண்ணுக்குள் ஏதோ அசைந்தது.

"யாரு?" என்று கேட்டாள் இழைச்சி.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. "யாரு?" என்று மட்டும்தான். இப்படியே விட்டால் இன்னும் கொஞ்ச நாளில் கேட்பதற்குக்கூட உள்ளே ஆள் இருக்காது. அக்காளை எப்படியாவது மேலே கொண்டுவர வேண்டும். எப்படி என்பதும் குடைச்சிக்குத் தெரியும். வேர் மேலே வந்தால் அக்காளும் வந்துவிடுவாள்.

கொழுஞ்சி சொன்னது நினைவில் இல்லையா என்றால், இருந்தது. பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காகக் கொழுஞ்சி சும்மா பயமுறுத்தினாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நமக்கு வேண்டியதை நம்புவதற்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன?

நடவுக்கு முன்னால் வெயிலாச்சி அரிவாளோடு வந்தாள். கூடவே மாசானம். உலையூரில் கொழுஞ்சி அறுக்க ஒரு வழக்கம் உண்டு. ஒரு கையால் செடியின் தலையைத் தடவிக்கொடுத்து, "போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுப்பார்கள். கட்டைக்காலை விட்டுவைத்தால் மறுபடியும் துளிர்க்கும். வேரை யாரும் தொடமாட்டார்கள்.

வெயிலாச்சி குழந்தையைக் கரையில் சீலையை விரித்து உட்காரவைத்துவிட்டு முதல் செடியின் தலையைத் தொட்டாள்.

"யம்மா வெயிலாச்சி" என்று குடைச்சி கூப்பிட்டாள். "அரிவாளைக் கீழ போடு. வேரோட பிடுங்கு."

"வேரோடயா? பிடுங்கினா எப்படித் துளுக்கும்?"

"விதை கொட்டிக் கெடக்குல்லா, அது முளைக்கும். வேர்ல முண்டு முண்டா இருக்கும், பாத்ததில்லையா? ஊட்டம் பூராவும் அதுலதான் இருக்கு. உங்க வயல் கெடக்குற கெடைக்கு வெறுந்தழை காணுமா?"

அதில் பொய் என்று சொல்ல முடியாது. கொழுஞ்சி வேர் முண்டில் ஊட்டம் உண்டுதான். முழுசாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அது பொய்யைவிட மோசம்.

மாசானம் சிரித்தான். "ஏ பிள்ள, காளானு விவசாயம் சொல்லித் தருது, கேட்டுக்கோ. நாளைக்கு நத்தை வந்து நாத்து நடும்."

"நீரு சும்மா இரியும்" என்றாள் வெயிலாச்சி. "உலையைத் தவிர உமக்கு என்ன தெரியும்? இந்தப் பூ வெள்ளாமையும் போச்சுன்னா பிள்ளைக்கு என்னத்தக் காச்சிக் கொடுப்பீரு, துருத்தியையா?"

கரையிலிருந்து கொழுஞ்சி கத்தினாள். "பிடுங்காத! ஏ வெயிலாச்சி, பிடுங்காத! அவ எல்லாத்தையும் உள்ள வச்சிருக்கா, கொட்டிரும்! ஒன் வயலுக்குத்தான் போகும்!"

வெயிலாச்சி நிமிர்ந்தாள். ஒரு நிமிஷம் யோசித்த மாதிரிதான் இருந்தது. அப்புறம், "அறுக்கும்போதும் இவ இப்படித்தான் கத்துவா" என்றாள். "இவ கத்துறதைக் கேட்டா ஒரு நாளும் தழை எடுக்க முடியாது."

செடிகள் எப்போதும் கத்தின. அதுதான் பிரச்சினை. எப்போதும் கத்துகிற குரல் எது, இப்போது மட்டும் கத்துகிற குரல் எது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை.

ஒரே ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்கிறேன் என்று சொன்னாள் வெயிலாச்சி. மழை பெய்த மண், இழுத்ததும் வந்துவிட்டது. வேரில் முண்டுகள் மணி மணியாக இருந்தன. "அட, ஆமா!" என்றாள். முகத்தில் அத்தனை சந்தோஷம். பிறகு இரண்டு பேரும் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டே போனார்கள். பள்ளம் முழுவதையும் பிடுங்கினார்கள்.

முதல் வேர் மேலே வந்தபோது குடைச்சி எம்பிப் பார்த்தாள். வேரைச் சுற்றி நூல். மயில் கழுத்து நிறத்தில், தடித்து, வெயிலில் மினுங்கியது.

"யக்கா! வந்துட்டியா!"

நூல் அசைந்தது. "ஏ" என்றது. அதற்கு மேல் இல்லை. அடுத்த வேரில் ஒரு துண்டு நூல். அது ஒன்றுமே சொல்லவில்லை. அதற்கடுத்த வேரில் இன்னொரு துண்டு, "குடை" என்று ஆரம்பித்து நின்றுவிட்டது. ஒவ்வொரு செடியிலும் ஒரு துண்டு அக்காள். எதிலும் முழு அக்காள் இல்லை. குடைச்சி ஒவ்வொரு செடிக் குவியலாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வெயில் ஏற ஏற நூல்கள் காய்ந்து பொடிந்தன. பொடி பச்சையாக இருந்தது.

தழையை வயலில் பரப்பி மிதித்தார்கள். மிதிக்கும்போதே சேற்றில் பச்சை ஏடு படர்ந்தது. செழிப்பு என்று நினைத்தார்கள். வயல் தண்ணீர் ஊர்க் கிணற்றுக்குள் ஊறியது. நட்ட நாற்று வேர் பிடிக்கவில்லை. மாட்டுக்கு வயிற்றால் போனது. ஊரில் பாதிப் பேர் குடித்த கஞ்சியை வாந்தி எடுத்தார்கள். பெரியவர்கள் தேறிக்கொண்டார்கள். வெயிலாச்சியின் குழந்தை தேறவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அவள் தனியாகப் பள்ளத்துக்கு வந்தாள். கட்டைக்கு முன்னால் உட்கார்ந்தாள். குடைச்சியைப் பிய்த்து எறிந்திருக்கலாம். கையைக்கூட ஓங்கவில்லை.

"நீதான சொன்ன?"

"ஆமா."

"தெரிஞ்சா சொன்ன?"

"கொஞ்சம் தெரியும்" என்றாள்.

"எதுக்குட்டி?"

"எங்க அக்கா வேணும்னு இருந்தது."

வெயிலாச்சி தலையை ஆட்டினாள். புரிந்தது என்பதற்கா, வேறு எதற்கா, தெரியாது. சீலையை உதறிக்கொண்டு எழுந்தாள். "எனக்கும்தான் வேணும்" என்றாள். "சரி. நீ இனிமே பேசு, பேசாமப் போ. உன் இனத்துப் பேச்சை ஒருத்தரும் கேக்கமாட்டாவ. உன்னைக் கையில எடுத்தா, விஷமா இல்லையான்னு ஆயிரம் தடவை திருப்பிப் பாத்துட்டுத்தான் எடுப்பாவ."

சாபமெல்லாம் இல்லை. நடக்கப்போவதைச் சொன்னாள். உலையூர்க்காரர்கள் மூட்டையைக் கட்டினார்கள். மாசானம் துருத்தியை எடுக்கக்கூட இல்லை. ஊர் காலியானது.

பள்ளத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். கரையில் கொழுஞ்சி, கட்டையில் குடைச்சி. ஒருவரை ஒருவர் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். எத்தனை நாள் அப்படி இருக்க முடியும்? கொழுஞ்சிதான் முதலில் பேசினாள். மன்னித்துப் பேசவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

"பிடுங்கும்போது வேர் நுனியெல்லாம் அறுந்து உள்ளேயே நின்னுட்டு. உங்க அக்கா துண்டும் அதுல இருக்கும்."

"உயிரோடயா?"

"நூலுதான, துண்டு துண்டாக் கெடந்தாலும் பிழைக்கும். என்கிட்ட கடைசியா ஒரு பிடி காய் இருக்கு. போட்டுப் பாக்கேன்."

வெடித்துப் போட்டாள். மழை வந்தது. முளைத்தது. இரண்டு இலை. குடைச்சி மண்ணில் குடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிள்ளைகளில் பாதி படுத்துவிட்டன. மீதியில் மூன்றாவது இலை வந்தது. உள்ளே யாரோ வேர் நுனியைத் தடவித் தடவிக் கண்டுபிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"யக்கா!"

பதில் இல்லை.

"யக்கா, நான் குடைச்சி."

ஒன்றும் இல்லை. யாரு என்றுகூடக் கேட்கவில்லை. நூல் இருந்தது. களிம்பை வாங்கியது, தண்ணீரைக் கொடுத்தது, இனிப்பைச் சாப்பிட்டது. செய்கிற வேலை அப்படியே இருந்தது. செய்கிறவளுக்குப் பேரும் இல்லை, தங்கையும் இல்லை.

கொழுஞ்சி இந்தத் தடவை ஏமாறத் தயாராக இல்லை. பிள்ளைகளின் வேரை நேராகக் கீழே இறக்கினாள். சரடு போல முறுக்கினாள், கையால் பிடுங்கினால் கைதான் அறுந்து போகும். தின்ன வந்தால் யாரும் வாய் வைக்கக் கூடாது என்று இலையில் கசப்பை ஏற்றினாள். ஊர் காலியான பிறகும் போகாமல் சுற்றிக்கொண்டிருந்த வெள்ளாடு ஒரு கடி கடித்துப் பார்த்தது.

"தூ! இதை என்ன, அரிவாளைத் தேச்ச தண்ணியிலயா வளத்த?"

"ஆமா. நல்லா இருக்கா?"

ஆடு நாக்கைப் பாறையில் தேய்த்துக்கொண்டு போனது. மறுபடி அந்தச் செடிப் பக்கம் வாயைக் கொண்டுபோகவில்லை.

கட்டை தீர்ந்தது. குடைச்சிக்கு இனி மேலே என்ன இருக்கிறது? குடையை மடக்கினாள். பாவாடையைச் சுருட்டினாள். அக்காள் காலில் கட்டிவிட்ட அந்தத் துளி நூலைப் பிடித்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கினாள். இருட்டில் ஒவ்வொரு வேராகத் தடவிக்கொண்டு போனாள். இவளா, இவளா என்று கேட்டுக்கொண்டே போனாள். எல்லா வேரிலும் நூல் இருந்தது. எந்த நூலும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படித் தேடிக்கொண்டிருந்தபோது மேலே வானம் இடித்தது. பெரிய இடி. மண் குலுங்கியது. மண்ணில் இருந்த நூல் எல்லாம் ஒரே நேரத்தில் அதிர்ந்தது. அந்த அதிர்ச்சி குடைச்சியின் காலில் வந்து தட்டியது. அக்காள் கூப்பிடுகிறாள், மேலே வந்துவிட்டாள் என்று நினைத்து மண்ணை முட்டிப் பிளந்துகொண்டு வெளியே ஓடி வந்தாள். அக்காள் நனையக் கூடாது என்று குடையை விரித்துப் பிடித்தாள்.

மழை விட்டிருந்தது. ஒருவரும் இல்லை. கொழுஞ்சிகள் ஊதாப் பூவோடு நின்றன. வெயில் ஏறியது. நின்று பார்த்தாள், சுற்றிப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் குடை ஓரம் கறுத்து, தண்டு குழைந்து, நின்ற இடத்திலேயே சாய்ந்து மண்ணாகிப் போனாள். மண்ணுக்குள் நூலாக மிச்சம் இருந்த குடைச்சி அடுத்த இடிக்கும் அதே போல ஓடி வந்தாள். அதற்கடுத்ததற்கும்.

பள்ளத்துக் களிம்பு போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. எங்கே போகும்? அங்கேதான் இருக்கிறது. பிடித்து வைத்திருப்பவள் பிடித்து வைத்திருக்கிறாள். அதனால்தான் மேலே செடி நிற்கிறது.

அன்று பிடித்த வழக்கம்தான். பாழாய்ப் போன தரையில் முதலில் நிற்கிற செடியின் வேருக்குள்ளே ஒரு நூல் பேசாமல் நஞ்சை வாங்கிக்கொண்டிருக்கிறது. கொழுஞ்சியை ஆடு கடிப்பதில்லை, தழைக்கு வருகிறவர்கள் ஒரு சாண் விட்டுத்தான் அறுக்கிறார்கள். இடி இடித்த மறுநாள் காலையில் காளான் குடையை விரித்துக்கொண்டு ஓடி வந்து நிற்கிறது, அது விஷமா என்று நாம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம், அது நம்மைப் பார்ப்பதே இல்லை.